தாத்தா இறந்த தேதியைத் தேடுவது எப்படி?

பாகப்பிரிவினைப் பேச்சு வரும்போதுதான் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது: தாத்தா எந்தத் தேதியில் இறந்தார்?

நெம்மேலி போன்ற கடலோர ஊரில் இதற்குக் கல்லறையை நம்ப முடியாது. எரிக்கப்பட்டவருக்குக் கல் இல்லை. புதைத்த மேட்டையும் மழை கரைத்துவிடும். கல் கிடைத்தவர்கள் வேறு ஆட்கள். மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இன்றும் பெயரும் தேதியுமாகக் கிடக்கின்றன. டச்சுக் கம்பெனியின் நினைவுச் சின்னங்களைப் பற்றி 1897-இல் அலெக்சாண்டர் ரீ தனி நூலே எழுதினார். நம் தாத்தாவுக்கு மிஞ்சியிருப்பது பதிவேட்டில் ஒரு வரி.

அந்த வரியைத் தேட வீட்டில் தொடங்குவதே நல்லது. ஆங்கிலத் தேதி மறந்திருக்கும். திவசம் கொடுக்கும் வீட்டில் திதி மறக்காது. ‘பார்த்திப வருஷம், ஐப்பசி, தேய்பிறை பஞ்சமி’ என்று யாராவது சொல்வார்கள். பார்த்திப 1945-46-இலும் வந்தது, 60 ஆண்டு கழித்து 2005-06-இலும் வந்தது. எது என்பதில் குடும்பத்துக்குக் குழப்பம் இருக்காது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் தேதியைப் பிடித்துவிடலாம். திதி ஒருநாள் நடுவில் தொடங்கி மறுநாள் முடியும் என்பதால் முன்பின் ஒரு நாள் சேர்த்துப் பாருங்கள்.

தேதி கிடைத்ததும் பதிவேட்டுக்கு வரலாம். கிராமங்களில் இறப்பைப் பதிந்துவந்தவர் முன்சீப். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிந்தபின் அந்த வேலை வி.ஏ.ஓ.விடம் வந்தது. பதிவேடு ஆண்டு முடிந்து 12 மாதம்தான் பதிவாளரிடம் இருக்கும். பிறகு பாதுகாப்புக்கு மேலே போய்விடும். அதனால் பழைய இறப்புக்கு, பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று விசாரிக்க வேண்டும். பதிவேட்டை அழிக்கக் கூடாது என்பது விதி. கரையானுக்கு விதி தெரியாது என்பது வேறு விஷயம்.

மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். இதே நெம்மேலி 1950-இல் செங்கல்பட்டு மாவட்டம், 2005-இல் காஞ்சிபுரம், 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடி செங்கல்பட்டு. டெல்டா பக்கமும் நெம்மேலிகள் உண்டு. மனுவில் தாலுகாவையும் எழுதிவிடுங்கள்.

பத்திரிகை, வசதியுள்ளவர்களுக்கே அதிகம் உதவும். ‘காலமானார்’ விளம்பரத்தில் இறந்த தேதியோடு பிள்ளைகளின் பெயரும் காரியம் நடக்கும் இடமும் இருக்கும். வாரிசுகளை அறியவும் இது உதவும். ஏழை இறந்தால், விபத்தோ கடலில் மூழ்கியதோ என்றால்தான் செய்தி. பழைய இதழ்களை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பார்க்கலாம்.

பதிவேட்டிலிருந்து நகல் கேட்க 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு யாருக்கும் உரிமை தருகிறது. ஆனால் என்ன காரணத்தால் இறந்தார் என்பதை நகலில் காட்டமாட்டார்கள். அதையும் சட்டமே தடுக்கிறது. தேடியும் வரி அகப்படாவிட்டால் ‘பதிவில்லை’ என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு கடந்த இறப்பைப் புதிதாகப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை. அந்த உத்தரவை இப்போது கோட்டாட்சியரிடமே கேட்கலாம். அந்த மனுவோடு பழைய ‘காலமானார்’ விளம்பரத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள்.