கால் கட்டைவிரல் ஒரு குட்டி கேன்வாஸ்: வீட்டிலேயே நகத்தில் வரைவது

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும், நடுவில் அடித்த காலிங் பெல்லையும் எடுத்துவிட்டோம்.)

இன்னைக்கு டாபிக் கால் நகம். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

கை நகத்துல டிசைன் போடறதுக்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கு. கால் நகத்துக்குன்னு தேடினா, "அதையே சின்னதா போடுங்க"ன்னு முடிச்சுடறாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம வெயிலுக்கு வருஷம் பூரா செருப்புதான். ஆபீஸுக்கு ஷூ போடறவங்ககூட கோயில், சொந்தக்காரங்க வீடு, ஃப்ரெண்டு வீட்டு கிருஹப்பிரவேசம்னு எங்க போனாலும் வாசல்ல கழட்டிட்டு வெறுங்காலோடதான் உள்ள போறோம். தரையில சம்மணம் போட்டு உக்காந்தா எதிர்ல இருக்கறவங்க கண்ணுக்கு நேரா இருக்கறது நம்ம கால்தான்.

இன்னொரு பெரிய வசதியும் இருக்கு. கை நகத்துல போடும்போது வலது கைக்கு இடது கையால போடணும். என் இடது கை ஒரு கோடு போட்டா அது இ.சி.ஜி. ரிப்போர்ட் மாதிரி இருக்கும். கால்ல அந்தப் பிரச்னையே இல்ல, பத்து விரலுக்கும் நல்ல கையாலயே போடலாம். பாத்திரம் தேய்க்கறது, டைப் பண்றதுன்னு எந்த வேலையும் கால் நகத்துக்குக் கிடையாது. அதனால கையில ஒரு வாரத்துல உரியற பாலிஷ் கால்ல ரெண்டு மூணு வாரம் நிக்கும்.

அப்புறம் அது மெதுவா வளருது. இதை நான் கத்துக்கிட்டது என் பாட்டிகிட்ட. ஆடி மாசம் பாட்டி மருதாணி அரைச்சு எங்க எல்லாருக்கும் கை விரல், கால் விரல் நுனியில தொப்பி மாதிரி வைப்பாங்க. தோல்ல பிடிச்ச சிவப்பு ரெண்டு வாரத்துல போயிடும், ஏன்னா தோல் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. நகம் அப்படி உதிராது. மருதாணியில இருக்கற லாசோன்ங்கற சாயம் நகத்தோட கெரட்டின்ல ஒட்டிக்கிட்டு, நகம் வளர வளர அதோடயே நுனியை நோக்கிப் போகும். கை நகம் மாசத்துக்கு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல வளரும், அதனால கார்த்திகை தீபத்துக்குள்ள கையில சிவப்பு கிட்டத்தட்ட காலி. கால் நகம் மாசத்துக்கு 1.5 மி.மீ. சுமார்தான். பொங்கலுக்குக்கூட கட்டைவிரல்ல பாதி சிவப்பு நிக்கும். கட்டைவிரல் நகம் முழுசா புதுசாகறதுக்கு ஒரு வருஷத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகும். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல எங்க உக்காரணும்ங்கறதே ஒரு கேள்வி. சோபாவுல கால் மடக்கி உக்காந்தா பத்து நிமிஷத்துல முதுகு போயிடும். நான் தரையில உக்காந்து, சுவர்ல சாஞ்சு, ஒரு முட்டியை மடக்கி, பாதத்தை மணைப்பலகை மேல வச்சுப்பேன். ஜன்னல் திறந்திருக்கணும், ஆனா ஃபேன் வேணாம். ஃபேன் காத்துல பாலிஷோட மேல்பரப்பு சட்டுன்னு காஞ்சு, அடியில ஈரம் மாட்டிக்கிட்டு குமிழ் வரும். அடுப்புப் பக்கம், விளக்குப் பக்கம் போகவே கூடாது. பாலிஷும் சரி, ரிமூவரும் சரி, அதுல இருக்கற கரைப்பான் டக்குன்னு தீப்பிடிக்கும்.

நகத்தை நேரா வெட்டுங்க. ஓரத்தை உள்ள வளைச்சு வெட்டினா வளரும்போது சதைக்குள்ள குத்தும். நக அடியில இருக்கற மெல்லிய தோலை வெட்டாதீங்க, கிருமி உள்ள போகாம இருக்கறதுக்கான சீல் அது. பார்லர் மாதிரி வெந்நீர்ல ஊற வச்சுட்டு உடனே பாலிஷ் போடறதும் தப்பு. நகம் தண்ணியைக் குடிச்சு உப்பியிருக்கும். அது காஞ்சு பழைய அளவுக்குச் சுருங்கும்போது மேல போட்ட பாலிஷ் விரிஞ்சு உரிஞ்சிடும். ஊற வைக்கறதுன்னா முந்தின நாளே பண்ணிடுங்க. போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நகத்தையும் ரிமூவர் தொட்ட பஞ்சால ஒரு தடவை துடைச்சா எண்ணெய்ப் பசை போயிடும்.

பேஸ் கோட் கண்டிப்பா போடணும். "பேஸ் கோட் எதுக்கு, அது வெறும் பணம் பிடுங்கற வேலை"ன்னு நானும் ரெண்டு வருஷம் சொல்லிட்டிருந்தேன். சிவப்பு பாலிஷ் போட்டுப் போட்டு என் நகம் பழைய நியூஸ்பேப்பர் கலருக்கு மாறின பிறகுதான் புரிஞ்சது, அடர்த்தியான நிறமி நகத்துல ஊறிடும்னு. விரலுக்கு நடுவுல டிஷ்யூவைக் கயிறு மாதிரி முறுக்கி, மேலயும் கீழயும் கோத்து விட்டுடுங்க. கலர் ரெண்டு மெல்லிசு கோட். ஒரே தடிமனான கோட் போட்டா அது சாயங்காலம் வரைக்கும் காயாது. பாட்டிலைக் குலுக்காம ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டுங்க, குமிழ் வராது. மெட்டி போட்டிருக்கறவங்க அதை நல்லா அடியில தள்ளி வச்சுக்கலாம், கழட்டணும்னு இல்ல.

இப்ப டிசைன். ஒரு உண்மையை ஒத்துக்கணும்: வரையறதுக்கு இடம் இருக்கறது கட்டைவிரல்ல மட்டும்தான். சுண்டுவிரல்ல நகம்னு ஒண்ணு இருக்குன்னு நம்பிக்கையிலதான் பாலிஷ் போடறோம். [சிரிப்பு] அதனால கட்டைவிரல்ல படம், மத்த நாலுல அதே படத்தோட ஒரு கலர். இந்த ஒரு விதியை வச்சுக்கிட்டா எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

முதல் தடவை போடறவங்களுக்கு தர்பூசணி. கட்டைவிரல் முழுக்க சிவப்பு. நுனியில பச்சைப் பட்டை, அதுக்கும் சிவப்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. காஞ்சதும் டூத்பிக் முனையால கறுப்பு விதை அஞ்சாறு. மத்த விரல்கள்ல பச்சை. கோணல்மாணலா வந்தாலும் பழம் அப்படித்தானே இருக்கும்னு விட்டுடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது புள்ளிக் கோலம். வெள்ளை பாலிஷ், செம்மண் கலர்ல அடி. ஹேர்பின் தலையைத் தொட்டு வச்சா பெரிய புள்ளி, டூத்பிக் முனையில சின்னப் புள்ளி. 3 புள்ளி 3 வரிசை போதும், அதுக்கு மேல நகத்துல இடமில்ல. புள்ளியைச் சுத்தி சிக்கு இழுக்கணும்னா தீந்துபோன ஐலைனர் பிரஷ்ஷைக் கழுவி வச்சுக்கோங்க. பாலிஷை நேரா பாட்டில்லேர்ந்து எடுக்காம ஒரு பிளாஸ்டிக் மூடியில ரெண்டு சொட்டு விட்டு எடுங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் புதுசா தொடணும். ஒரே தொடல்ல நாலு புள்ளி வச்சா நாலாவது கடுகு சைஸுக்குப் போயிடும்.

அடுத்தது மார்பிள். தண்ணியில பாலிஷ் சொட்டு விட்டு, கோலம் மாதிரி கலைச்சு, அதுக்குள்ள விரலை முக்கறது. வீடியோல ஜாலியா இருக்கும். கால்ல அதை முயற்சி பண்ணினேன். டம்ளருக்குள்ள கால் கட்டைவிரலை விடணும்னா என்ன ஆசனம் போடணும்னு கற்பனை பண்ணிக்கோங்க. போதாததுக்கு என் பழைய பாலிஷ் கெட்டியாயிருந்ததால பரவாம அப்படியே அடியில போய் உக்காந்துடுச்சு. கரைப்பான் ஆவியாகாத புது பாட்டில்தான் தண்ணி மேல படலமா விரியும்.

அதுக்கு மாற்று வழிதான் இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்: ஸ்டிக்கரை நாமே பண்ணிக்கறது. ஜிப்லாக் மாதிரி ஒரு பாலிதீன் கவரை மேஜை மேல விரிச்சு ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்க. அது மேல நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட், காஞ்சதும் உங்க டிசைன், அதுக்கு மேல மறுபடி நிறமில்லாத ஒரு கோட். மேஜையில நிமிர்ந்து உக்காந்து, நல்ல வெளிச்சத்துல, டீ குடிச்சுக்கிட்டே வரையலாம். தப்பானா தூக்கிப் போட்டு இன்னொண்ணு. ராத்திரி முழுக்கக் காய விட்டா, காலையில ஓரத்தைக் கிளப்பினா ரப்பர் மாதிரி உரிஞ்சு வரும். நகத்தோட அளவுக்குக் கத்தரியால வெட்டி, நகத்துல நிறமில்லாத பாலிஷ் பூசி அது பிசுபிசுன்னு இருக்கும்போதே ஒட்டி, மேல டாப் கோட். அவ்வளவுதான். பாலிதீன்ல பாலிஷ் ஒட்டாது, அதைக் கரைக்கவும் செய்யாது. இதையே தெர்மாகோல் தட்டுல முயற்சி பண்ணாதீங்க. கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும், தட்டுல ஓட்டை விழும். என் தங்கச்சி நிரூபிச்சுக் காட்டினா.

எதைப் போட்டாலும் டாப் கோட் நுனியையும் மூடற மாதிரி இழுங்க. பத்து நிமிஷத்துல தொட்டா ஒட்டாது, ஆனா உள்ள கெட்டியாகறதுக்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில நகத்துல போர்வை டிசைன்தான் இருக்கும். ஞாயிறு காலையில போடுங்க.

ஜெல் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, சின்ன லைட்டோட கிட் ஆன்லைன்ல கிடைக்குதேன்னு. நான் வீட்ல பண்றதில்ல. ஜெல்லுல இருக்கற அக்ரிலேட் சரியா கெட்டியாகாம தோல்ல பட்டா அலர்ஜி வரலாம். ஒரு தடவை வந்துட்டா அது பெரும்பாலும் கூடவே இருக்கும். அதே குடும்பத்து ரசாயனம் பல் அடைக்கறதுலயும் மூட்டு ஆபரேஷன்லயும் பயன்படறதால, விஷயம் நகத்தோட நிக்காது. ஜெல்லைக் கெட்டியாக்க உதவற டி.பி.ஓ.ங்கற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1லேர்ந்து அழகுப் பொருட்கள்ல தடை பண்ணியிருக்கு. போடணும்னா பயிற்சி இருக்கறவங்ககிட்ட போட்டுக்கோங்க.

இப்ப அம்மா கதை. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், அம்மாவே சொல்லுன்னுட்டாங்க.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, "எனக்கு எதுக்குடி இதெல்லாம்"னு சொல்லிக்கிட்டே அம்மா காலை நீட்டினாங்க. முதல் தடவை. வலது கட்டைவிரல் நகம் மஞ்சளா, தடிமனா இருந்தது. கேட்டேன். "அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு, அதனாலதான் நான் காலைக் காட்டறதே இல்ல"ன்னாங்க. நான் என்ன பண்ணேன்? அந்த நகத்தை மறைக்கறதுக்குன்னே அதுல நல்லா அடர்த்தியா தர்பூசணி போட்டேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டிகிட்டல்லாம் போய்க் காட்டினாங்க. அதனால மேல மேல போட்டேன். மூணு மாசம் அந்த நகம் வெளிச்சத்தையே பாக்கல.

அம்மாவுக்குப் பதினோரு வருஷமா சுகர் இருக்கு. நாலாவது மாசம் ரிமூவர் போட்டுத் துடைக்கும்போது நகத்தோட ஓரம் பொடிப்பொடியா உதிர்ந்தது. பக்கத்துச் சதையில ஒரு சின்னப் புண். ரிமூவர் பட்டா எரியுமே, அம்மா "எதுவும் தெரியல"ன்னாங்க. அந்த பதில்தான் எனக்குப் பயமா இருந்தது. சுகர் ரொம்ப நாள் இருந்தா கால்ல உணர்ச்சி குறையும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் தலையில ஏறல, ஏன்னா நான் டிசைனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

டாக்டர் நகத்துல கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. பூஞ்சைத் தொற்று. புண் ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு, நல்ல நேரத்துல வந்தீங்கன்னாங்க. நகத்துக்கு எத்தனை நாள்னு கேட்டா, மறுபடி பாட்டி மருதாணிக் கணக்குதான்: பழைய நகம் முழுசா வளர்ந்து வெளிய போற வரைக்கும். வேடிக்கை என்னன்னா, குடுத்த மருந்தே நெயில் பாலிஷ் மாதிரி சின்ன பாட்டில்ல வருது, நகத்துல பூசணும். அது மேல கலர் போடக் கூடாது.

அன்னைக்கே அம்மாவுக்குப் பயன்படுத்தின பாட்டில், அரம், எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். இப்ப யாருக்குப் போட்டாலும் முதல்ல பழசைத் துடைச்சுட்டு வெறும் நகத்தை வெளிச்சத்துல பாக்கறேன். மஞ்சள், தடிப்பு, கறுப்புக் கோடு, நகம் சதையைவிட்டுக் கிளம்பறதுன்னு எதைப் பாத்தாலும் அந்த விரல்ல பிரஷ் படாது, முதல்ல டாக்டர். சுகர் இருக்கறவங்க வீட்ல இருந்தா தினமும் அவங்க பாதத்தை அடிப்பக்கம் வரைக்கும் ஒரு தடவை பாருங்க. நாங்க ராத்திரி சீரியல் விளம்பர இடைவேளையில பாக்கறோம். எனக்கும் ரெண்டு தடவை போட்டா அடுத்த ஒரு வாரம் லீவு. தொடர்ந்து போட்டே வச்சிருந்தா நகத்து மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு வரும், எனக்கு வந்திருக்கு.

எட்டு மாசம் ஆச்சு. அடியிலேர்ந்து நல்ல நகம் பாதி வரைக்கும் ஏறியிருக்கு. மத்த ஒன்பது விரலுக்கு, அம்மாவுக்குன்னே தனியா வாங்கின பாட்டில்ல, மாசம் ஒரு தடவை கலர் போடறோம், கட்டைவிரல் மட்டும் வெறுமையா இருக்கும். யாராவது ஏன்னு கேட்டா, "அது வேலை நடந்துக்கிட்டிருக்கற சைட்டு"ன்னு அம்மா சொல்றாங்க. அந்த நகம் முழுசா வந்ததும் என்ன போடணும்னு இப்பவே ஆர்டரும் குடுத்தாச்சு. தர்பூசணி வேணவே வேணாமாம். புள்ளிக் கோலம், 3 புள்ளி 3 வரிசை, சிக்கு இல்லாம.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கால் போட்டோ அனுப்பறவங்க தயவுசெஞ்சு கால்னு தலைப்பு போட்டு அனுப்புங்க, சாப்பிட்டுக்கிட்டே திறந்து பாத்துடறேன். அடுத்த வாரம் பாப்போம்.