ஏரிக்கு எத்தனை உருவம்?
நிலமும் படமும் – தொடர்

பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே சுமார் ஏழரை மைல் தூரத்தை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்து, தேசம் முழுவதையும் முக்கோணங்களால் அளப்பதற்கு ஆதாரமான கோட்டை 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் நிறுவிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். அந்தக் கோட்டின் முனைகள் இரண்டும் புள்ளிகள். அவற்றை இணைத்தது கோடு. கோட்டின்மேல் எழுந்த முக்கோணம் பரப்பு. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், தாம்பரத்தின் ஏரிகளையும் தெருக்களையும் கணிப்பொறியில் பதிகிறவர்களுக்கு மூலதனம் இந்த மூன்று ரூபங்களே.

இவற்றைச் சேமித்து வைக்கும் சாதனங்களில் பெரும் பிரசித்தி பெற்றது போஸ்ட்ஜிஐஎஸ். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்கு நிலத்தைப் பற்றிய ஞானத்தை ஊட்டும்பொருட்டு, கனடாவில் விக்டோரியா நகரத்திலிருந்த ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டு வெளியிட்டது அது. ஏரிக்கு ஒரு வரிசை என்று அட்டவணை அமைத்தால், பெயருக்கு ஒரு பத்தி, ஊருக்கு ஒரு பத்தி என்பதுபோல உருவத்துக்கும் ஒரு பத்தி உண்டு. அதில் வரக்கூடியவை அடிப்படையில் ஏழு வகை: புள்ளி, கோடு, பாலிகன் எனப்படும் பரப்பு, இம்மூன்றின் பன்மை வடிவங்களான 'மல்டி' வகைகள் மூன்று, எல்லாம் கலந்த திரட்டு ஒன்று. அட்டவணையை ஆக்குகிறவர் இன்ன வகை மட்டுமே வரலாம் என்று முன்னதாகவே விதிக்கலாம். எது வந்தாலும் சரி என்று திறந்தும் விடலாம். இந்த ஒரு தீர்மானத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

செம்பாக்கம் ஏரியிலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன் உபரி நீர் மற்றொன்றுக்கு இறங்கி, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும் ஏரிச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் படத்தில் ஊருக்கொரு ஏரி உண்டென்று காட்டினால் போதும் என்பவருக்கு ஏரி ஒரு புள்ளி; நீர் எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்று கேட்பவருக்கு அது பரப்பு; உபரி நீர் எவ்வழியே போகிறது என்று தேடுபவருக்கோ ஏரியைவிடக் கலங்கலிலிருந்து புறப்படும் கால்வாயே முக்கியம், அது கோடு. கோட்டில் புள்ளிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அதுவே அதன் திசையாகிவிடுவதால், நன்மங்கலத்திலிருந்து செம்பாக்கத்துக்கு என்று தலைகீழாக வரைந்துவிட்டவரின் அட்டவணையில் நீர் மேட்டை நோக்கிப் பாயும். மதகு புள்ளி, கரை கோடு, நீர்ப்பரப்பு பாலிகன்; ஓர் ஏரிக்கு இத்தனை உருவங்கள் இருக்க, அவற்றைத் தனித்தனி அட்டவணைகளில் வைப்பதே விவேகம் என்பது என் துணிபு.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று, வார்டுகள் 70. இத்தகைய வார்டுகளின் எல்லைகள் பெரும்பாலும் ஷேப்ஃபைல் என்னும் கோப்பாகக் கைக்கு வருகின்றன. அக்கோப்பு ஒற்றைப் பரப்பையும் பல துண்டான பரப்பையும் பேதம் பாராட்டாமல் ஒரே வகையாகவே வைத்திருக்கும். போஸ்ட்ஜிஐஎஸ் அதை உள்வாங்கும்போது, எங்கேனும் துண்டுபட்டது இருக்கக்கூடும் என்ற முன்ஜாக்கிரதையால் பத்தியை மல்டிபாலிகன் என்று விதித்துவிடுகிறது. அதன்பின் புதிதாக வரைந்த ஒற்றைப் பரப்பைச் சேர்க்கப் போனால், வகை பொருந்தவில்லை என்று மறுப்பு வரும். மறுப்பைக் கண்டு சலித்து விதியையே எடுத்துவிடுகிறவர்கள் பலர், அது பிசகு. 'எஸ்டி மல்டி' என்ற செயற்கூறு ஒற்றையையும் பன்மை வடிவில் மாற்றித் தரும்போது, விதியை ஏன் பலியிட வேண்டும்?

உண்மையான சிக்கல் வினவலில்தான் தோன்றுகிறது. ஏரிகளின் அட்டவணையையும் வார்டுகளின் அட்டவணையையும் சேர்த்து, எந்த ஏரியில் எவ்வளவு எந்த வார்டில் கிடக்கிறது என்று கேட்கிறோம். வார்டு எல்லை ஏரியை ஊடறுத்துச் சென்றால் விடை பரப்பு. ஏரியின் கரையே வார்டின் எல்லையாகி இரண்டும் ஒரே புள்ளிகளால் வரையப்பட்டிருந்தால் விடை கோடு. மூலையில் மட்டும் தொட்டால் புள்ளி. ஓரிடத்தில் தொட்டு மற்றோரிடத்தில் ஊடுருவினால் கலந்த திரட்டு. பரப்பும் பரப்பும் கொடுத்து நான்கு வகை வாங்குகிறோம். கியூஜிஐஎஸ் போன்ற படமென்பொருளில் ஒரு லேயருக்கு ஒரே வகைதான். ஆகையால் வகை விதிக்காத பத்தியைக் கண்டால் அது வரிசைகளைப் படித்துப் பார்த்து, ஒரே அட்டவணையைப் புள்ளி, கோடு, பரப்பு என்று வெவ்வேறாகப் பட்டியலிடும். அவசரத்தில் பரப்பை மட்டும் தேர்ந்தவர் மற்ற வரிசைகளைக் காணமாட்டார். அவை அட்டவணையில் இருக்கும், படத்தில் இரா.

இதனினும் கவலைக்குரியது ஒன்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணையப் படத்தின் தெருக்கோடுகளின் மீது குறித்தார்கள். எவ்வழியே போகலாகாது என்று அறிவதற்கு அதைவிடச் சிறந்த ரூபம் இல்லை. ஆனால் அந்தக் கோடுகளிடம் மூழ்கிய பரப்பு எவ்வளவு என்று கேட்டால், 'எஸ்டி ஏரியா' பிழையென்று கூறாது. சுழியம் என்று விடையளிக்கும். கேட்கத் தகாத கேள்விக்கு ஒழுங்கான எண் ஒன்று வந்துவிடுவதும், அது கூட்டுத்தொகையில் கலந்து அறிக்கையில் ஏறிவிடுவதும் எத்தகைய அபாயம்! வகையை விதித்த பத்தி இந்த வரிசைகளை வாசலிலேயே தடுத்திருக்கும்.

பரிகாரம் கடினமன்று. வினவலின் விடையிலிருந்து 'எஸ்டி கலெக்ஷன் எக்ஸ்ட்ராக்ட்' என்ற செயற்கூற்றால், பரப்புக்கு உரிய எண்ணாகிய 3-ஐக் கொடுத்து, பரப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, மல்டியாக்கி, இது மல்டிபாலிகன், இதன் ஆயத்தொலை முறை 32644 என்று வினவலிலேயே அறுதியிட்டுவிட வேண்டும். அந்த எண் கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 பாகை வரையிலான 44-ஆம் மண்டலத்தைச் சுட்டுவது. தாம்பரம் அதனுள் அடங்குவதால் அளவுகள் பாகையில் வராமல் மீட்டரில் வரும். ஒதுக்கப்பட்ட கோடுகளை எறிந்துவிடவும் வேண்டாம். ஏரியின் கரையை மட்டும் தொடும் வார்டுக்கு நீரில் பங்கில்லை, கரையைக் காப்பதில் பங்குண்டு. அக்கோடுகளை வேறோர் அட்டவணையில் கோடு என்றே விதித்து வைத்தால், எந்த வார்டு எத்தனை மீட்டர் கரைக்குப் பொறுப்பு என்பதை நீளத்தைக் கேட்கும் ஒரே வினவல் சொல்லிவிடும்.