பட்டறையும் வானொலியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில் வளர்ந்தவன் நான். சுவருக்கு அப்பால் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே பொறி பறந்தால் எங்கள் வானொலி கரகரக்கும். சென்னை நிலையம் அருகிலிருப்பதால் தாங்கிக்கொள்ளும். தொலைவிலிருந்து வரும் இலங்கை வானொலிதான் அடிபடும். அப்பா முறையிட்டார். "பெட்டி பாடினால் நிறுத்திவிடுகிறேன் ஐயா" என்றார் பட்டறைக்காரர். அன்று முதல் அடிக்கடி சுவரருகே வந்து செவிசாய்ப்பார்.

மாணவர்களே, கம்பியில்லாச் செய்தித்தொடர்பிலும் இதே சங்கடம் உண்டு. அலைவரிசைகளை அரசு பலருக்கு உரிமையாக்கியிருக்கிறது. ஆயினும் பல இடங்களில் அவை வெறுமனே கிடக்கின்றன. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 தொலைக்காட்சி வரிசைகளில் குறைந்தது 12, நாட்டில் எங்கும் காலியாக இருப்பதாக மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர் 2014-இல் கணக்கிட்டனர். உரியவர் இல்லாதபோது அவ்விடத்தைப் பயன்படுத்தி, அவர் வந்ததும் விலகும் கருவிக்கு 1999-இல் மிட்டோலாவும் மக்வயரும் 'காக்னிட்டிவ் ரேடியோ' எனப் பெயரிட்டனர். அறிந்து நடக்கும் வானொலி என்று நாம் சொல்லலாம்.

அறிவதற்கு விலை உண்டு. கேட்கும்போது கருவியால் அதே வரிசையில் பேச முடியாது. நூறு மில்லிவினாடியில் ஐந்தைக் கேட்பதற்குச் செலவிட்டால் வேலைக்கு 95 மிஞ்சும். இருபதைச் செலவிட்டால் 80தான். குறைவாகக் கேட்டாலோ, மெலிந்த அலையை வெறும் இரைச்சலென்று எண்ணி உரியவர்மீது மோதும். செவியை மிகக் கூர்மையாக்கினால் இரைச்சலையே அலையென்று அஞ்சி, காலி இடத்தையும் விட்டுவிடும். இரண்டு பிழையையும் ஒருசேர ஒழிக்க இயலாது. ஆகவே 2011-இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 802.22 விதிமுறை, நூற்றுக்குத் தொண்ணூறு முறையேனும் உரியவரைக் கண்டுகொள்ள வேண்டும், பொய்யச்சம் பத்துக்கு மேல் ஆகாது என எல்லை வகுத்தது. கண்டபின் இரண்டு வினாடியில் விலகவேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு குறை நிற்கிறது. என் பாட்டி பின்னறையில் மெல்லிய ஒலியில் பாட்டுக் கேட்பாள். பட்டறைக்காரர் காதுக்கு அது எட்டாது, பொறி பறக்கும். அவரைக் குறைசொல்ல முடியுமா? தொலைக்காட்சிப் பெட்டியும் அவ்வாறே வாய்திறவாமல் அலையை வாங்குவது. அது இருக்குமிடம் கருவிக்குத் தெரியாது; இடையில் ஒரு கட்டடம் மறைத்தால் நிலையத்தின் அலையும் கருவியை எட்டாது. பாதிக்கப்பட்டவருக்கோ யாரிடம் முறையிடுவதென்று தெரியாது. அதனால்தான் வேகம் குறைந்தாலும் உரியவர் பக்கமே தராசு சாயவேண்டும் என்பேன்.

அமெரிக்க ஆணையம் 2010-இல் வேறு வழி கண்டது. தன் இருப்பிடத்தைச் சொல்லி, அங்கே எவ்வரிசை காலியென்று பதிவேட்டில் கேட்டறியும் கருவிகள் காதால் கேட்டாக வேண்டுமென்ற கட்டாயத்தை நீக்கியது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா நிகழ்ச்சி நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பட்டறைக்காரர் அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். பாட்டியின் நேரத்தை அப்பா மறந்துவிட்டார். மறுநாள் நான் போய்ப் பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்.