வெளிநாட்டுப் படிப்பு: கடன் பத்திரத்துக்கு முன்னால்

எங்கள் இடையஞ்சாவடியில் வெள்ளைக்காரர்களைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கிய நாளிலிருந்து பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று பல நாட்டுக்காரர்கள் எங்கள் தெரு வழியாக மொபெட்டில் போய்வருகிறார்கள். டீக்கடையில் தமிழில் கடன் சொல்லும் பிரெஞ்சுக்காரரைக்கூட எங்களுக்குத் தெரியும். ஆனால் கடல் தாண்டிப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், அதற்கு அரசாங்கமே பணம் தரும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை.

என் அம்மா மரக்காணத்துக்காரர். கல்யாணம் ஆகும்வரை உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். நான் திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறையில் முதுநிலை படித்தேன். படித்துத் திரும்பிய பிறகு கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் போன் செய்கிறார்கள். எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எந்த யுனிவர்சிட்டி நல்லது?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "பணம் யாரு கட்டப்போறாங்க?" அதற்குப் பதில் தெரிந்தால்தான் நாடு, பல்கலைக்கழகம், பாடம் எல்லாவற்றையும் பேச முடியும்.

முதலில் கணக்கு

இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருடம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பல இடங்களில் 20,000 முதல் 30,000 பவுண்ட் வரை. ஒரு பவுண்ட் நூற்றுப் பத்து ரூபாய்க்கு மேல் போய்விட்டது, பெருக்கிப் பாருங்கள். இதற்கு மேல் விசாக் கட்டணம் ஐநூறு பவுண்டுக்கு மேல். அங்கே அரசு மருத்துவம் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 776 பவுண்ட் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு வருடப் படிப்புக்கும் விசா கூடுதல் மாதங்களோடு வருவதால், ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்ட் ஆகும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், சென்னையில் எடுக்கலாம்.

கையிருப்பையும் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் வந்த விதிப்படி, லண்டனுக்கு வெளியே படிக்கிறவர் மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவுக்கு 10,539 பவுண்ட் காட்ட வேண்டும். கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் இதில் சேராது. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். அரசு உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"பார்ட் டைம் வேலை செஞ்சு கட்டிடலாம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. அந்தக் கூலியில் முழு 20 மணி நேரமும் வேலை கிடைத்தாலும் வாரத்துக்கு 244 பவுண்ட். வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் சொற்பம். கல்விக் கட்டணத்தை அதில் அடைப்பது நடக்காத காரியம்.

அடுத்த வழி வங்கிக் கடன். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பத்திரம் கேட்பார்கள். எங்கள் பகுதியில் முந்திரித் தோப்பு விலை ஏறிக் கிடக்கிறது. ஈடு வைக்கவும் விற்கவும் ஆள் தயாராக இருக்கிறது. தோப்பைக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு. அதே கனடா 2024-ல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியது. ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை அந்நாட்டு டாலரில் 2,000 ஆக்கியது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். விற்ற தோப்பு திரும்பி வராது.

அரசுப் பணம் இருக்கிறது

நான் போனது தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையில். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கானது. முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். லண்டனில் அதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். லீட்ஸ் மாதிரி ஊரில் ஒப்பேற்றலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 125 இடம்: 115 பட்டியல் சாதியினருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிச் சமூகங்களுக்கு, 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மொத்தத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. வயது 35-க்குள், மதிப்பெண் குறைந்தது 60 சதவீதம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9,900 பவுண்ட், அமெரிக்கா முதலிய நாடுகளில் 15,400 டாலர்.

எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவானவையும் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்து இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகையில் சொந்தப் பணத்தில் போக முடியாதவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் கட்டணத்தை ஏற்று மாதம் 1,400 யூரோ தருகிறது. பல படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

திறமைக்குப் பணம் துணை நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. பரோடா சமஸ்தானம் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்ட் உதவியில்தான் அவர் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916-ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். மறு வருடம் உதவித்தொகை முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பணம் சேர்த்து 1920-ல் மறுபடி லண்டன் போய், 1923-ல் டி.எஸ்சி. வாங்கினார். அதேபோல, 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறிய கணிதமேதை ராமானுஜனுக்குப் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக்கு 250 பவுண்ட் இருந்தது. அவரை ஆதரித்த கணிதவியலாளர் ஹார்டி கேம்பிரிட்ஜில் இருந்தது மட்டும் போதவில்லை.

மத்திய அரசுத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2022 முதல், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றை வெளிநாட்டில் படிக்க அதில் பணம் கிடையாது. 1916 மே 9-ல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்று அதே தலைப்போடு விண்ணப்பித்தால் அவருக்கே இந்தப் பணம் கிடைக்காது. அந்த விதியை எடுத்துவிட வேண்டும்.

காகிதம் படுத்தும் பாடு

உதவித்தொகைக்குக் கெட்டி ஆதாரம், நிபந்தனை எதுவும் இல்லாத சேர்க்கைக் கடிதம். அதற்கு ஆங்கிலத் தேர்வு, கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஏன் படிக்க வருகிறேன் என்று நாமே எழுதும் கடிதம் ஆகியவை வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும்; பல படிப்புகளுக்கு 6.5 வேண்டும். தேர்வுக் கட்டணமே பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. அந்தப் பணத்தை உதவித்தொகை திருப்பித் தராது. நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

வருமானச் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம். சரியான மாதத்தில் வாங்கி வைக்காவிட்டால் காலாவதியாகிவிடும். என் வருமானச் சான்று ஒரு அலுவலகத்தில் "நாளைக்கு வாம்மா" என்றே கிடந்தது. இ-சேவை மையத்தில் கொடுத்த ரசீது எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அதை வைத்தே கேட்டுக்கொண்டிருந்தேன். ரசீது இல்லாமல் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வராதீர்கள்.

கன்சல்டன்சிக்காரர்கள் "எல்லாம் ஃப்ரீ" என்பார்கள். பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. அதனால்தான் நம்மிடம் வாங்குவதில்லை. எந்த இடத்தில் கமிஷன் வருகிறதோ அந்த இடத்தின் பெயர்தான் முதலில் வரும். புதுச்சேரியில் நான் ஏறிய ஒரு கன்சல்டன்சியில், உதவித்தொகை என்று சொன்னதுமே பேச்சை மாற்றிவிட்டார்கள். விண்ணப்பத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் நாமே போடலாம்.

அங்கே படிப்பு எப்படி நடக்கிறது?

இங்கிலாந்து முதுநிலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. அப்படியென்றால் 15 கிரெடிட் பாடத்துக்கு 150 மணி நேரம். அதில் ஆசிரியர் முன்னால் உட்காருவது சில பாடங்களில் இருபது மணி நேரம்தான். மிச்சமெல்லாம் நூலகம். வாரத்துக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் தருவார்கள்; படித்துவிட்டு செமினாரில் பேச வேண்டும். நோட்ஸ் என்று ஒன்று கிடையாது. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு முதல் பருவம் முழுக்க "சார்" என்பது தொண்டை வரை வந்து நின்றது.

மதிப்பெண்ணும் வேறு தினுசு. 50 தேர்ச்சி, 60 நல்ல மதிப்பெண், 70 வாங்கினால் உச்சம். நம் ஊர் 90-ஐ நினைத்துக்கொண்டு போனால் மனசு உடைந்துவிடும். என் கட்டுரை ஒன்றுக்கு வந்த குறிப்பு: நிறைய விவரிக்கிறாய், வாதிடவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று அடுக்கினால் போதாது. அதில் எது நிற்கும், எது நிற்காது, ஏன் என்று நாம் சொல்ல வேண்டும். பிறர் எழுதியதை எடுத்தால் யாருடையது என்று அங்கேயே குறிக்க வேண்டும். நகல் இருக்கிறதா என்பதை மென்பொருள் அலசிவிடும்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது கழுவெளி. எங்கள் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த ஈரநிலத்தில் 5,151 ஹெக்டேர், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்குப் பிறகு எத்தனை நாளில் தண்ணீர் உவர்க்கும், எந்தக் காற்றுக்கு உப்பு சீக்கிரம் விளையும் என்பதெல்லாம் அம்மாவும் சித்திகளும் சொல்லக் கேட்டு வளர்ந்தவை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தத் தகவலைக் களப்பேட்டியாகப் பதிவு செய்து, அறிவியல் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் வைத்து எழுதியபோது வழிகாட்டி உட்கார்ந்து கேட்டார். நம் ஊரைத் தெரிந்திருப்பது அங்கே ஒரு தகுதிதான். உப்பளத்துப் பிள்ளை என்பதை மறைக்கத் தேவையில்லை.

அன்றாட வாழ்க்கை சமாளிக்கக்கூடியதே. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த மாதங்களில் அறைக்குள் முடங்காமல் ஆட்களோடு இருப்பது முக்கியம். முழுநேர மாணவருக்கு வீட்டு வரி கிடையாது. வீடு எடுக்கும்போது பலர் இங்கிலாந்திலேயே வசிக்கும் ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். அதனால் முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியே நல்லது. என் ஆயா போனில், "அந்தக் குளிர்ல உப்பு எப்படிடி வெளையும்?" என்று கேட்டார். அங்கே செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டில் சுரங்கம் தோண்டிப் பாறை உப்பு எடுக்கிறார்கள். பனி உறையாமல் இருக்கச் சாலையில் லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள் என்றேன். "ரோட்டுலயா கொட்றானுவ?" என்று ரொம்ப நேரம் ஆறவில்லை அவருக்கு.

முடித்த பிறகு

படிப்பு முடிந்ததும் இங்கிலாந்தில் தங்கி வேலை தேட இப்போது இரண்டு வருடம் உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைக்காரர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2024 ஜனவரி முதல், பாடவழி முதுநிலை படிப்பவர் கணவன், மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது. "படிக்கப் போய் அப்படியே குடும்பத்தோட செட்டில் ஆயிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் பழைய விதியைச் சொல்கிறார்.

அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே பாஸ்போர்ட் எடுங்கள். மூன்றாம் வருடத்தில் பரிந்துரை எழுதக்கூடிய இரண்டு ஆசிரியர்களிடம் நல்ல பெயர் எடுங்கள். புறப்பட நினைக்கும் செப்டம்பருக்கு ஒன்றரை வருடம் முன்பு ஆங்கிலத் தேர்வையும் விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். உதவித்தொகை இந்த வருடம் கிடைக்கவில்லையென்றால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி போடுங்கள். பல்கலைக்கழகம் எங்கும் ஓடிவிடாது. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லா உதவித்தொகைக்கும் விண்ணப்பித்து முடிக்கும்வரை தோப்புப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.