கரும்புக்குக் காத்திருக்கும் கஜராஜன்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் செல்லும் நெடுஞ்சாலை, பண்ணாரி அம்மன் சந்நிதியைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. திம்பம் வரையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அப்பால் ஆசனூர், காரப்பள்ளம் என்று காடு விரிந்துகொண்டே போகிறது. 2013ஆம் ஆண்டு முதல் இது புலிகள் காப்பகம். ஆனால் பிரயாணிகள் பாதையில் சந்திப்பது பெரும்பாலும் யானையைத்தான்.

சந்திப்பு மட்டுமா? காரப்பள்ளம் சோதனைச் சாவடியண்டை யானைகள் சுங்கமே வசூலிக்கின்றன! தாளவாடிப் பக்கத்திலிருந்து ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரிகளை நடுச்சாலையில் மறித்து, பாரத்திலிருந்து கரும்பை உருவித் தின்கின்றன. பார்க்க வேடிக்கையாய்த்தான் இருக்கிறது.

இவ்வழக்கத்தை அவற்றுக்குக் கற்பித்தவர்கள் யார்? அளவு மீறி ஏற்றிய பாரத்திலிருந்து சிதறிய கரும்பு ஒரு பங்கு. ‘பிள்ளையாரே எதிரில் நிற்கிறார்’ என்னும் பக்தியாலும், விரைவில் வழி கிடைக்கட்டும் என்னும் அவசரத்தாலும் ஓட்டுநர்கள் வீசிய கரும்பு மற்றொரு பங்கு. நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ புல்லும் தழையும் தேடித் திரியவேண்டிய பிராணிக்கு, நின்ற இடத்தில் சர்க்கரை கிடைத்தால் காட்டுக்குள் என்ன வேலை? தாயைப் பார்த்துக் கன்றும் சாலையில் நிற்கிறது. பிறகு, கரும்பில்லாத வண்டியை மட்டும் சோதனை போடாமல் விடுமா? ஏமாந்த யானையின் கோபமும், வளைவில் திடீரென்று வரும் லாரியின் வேகமும் எதிர்ப்பட்டால் இரு தரப்புக்கும் ஆபத்துதான்.

2010இல் இந்திய சர்க்கார் யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்தது. பட்டம் கொடுத்தபின் நடுத்தெருவில் யாசகம் கேட்க வைப்பது நம் தேசத்துக்குக் கௌரவமாகுமா?

இரவுப் போக்குவரத்துக்கு 2019இல் கலெக்டர் விதித்த தடையை, 2022 பிப்ரவரி முதல் நிறைவேற்றும்படி சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. காய்கறியைக் காலத்தில் சந்தைக்குச் சேர்க்கவேண்டிய மலைக் குடியானவர்கள் முறையிட்டார்கள். அவர்கள் கஷ்டம் வாஸ்தவமானது. உல்லாசப் பிரயாணம் போகும் நமக்கு அந்த நியாயம் கிடையாது.

பகலில் செல்வோரும் நிதானமாகச் செல்லவேண்டும். யானை தென்பட்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஊதுகுழலை ஒலிக்காமல், அது தானாக விலகும்வரை காத்திருங்கள்; படம் பிடிக்க இறங்காதீர்கள். ஒரு மான் குறுக்கே ஓடினால் பின்னால் மந்தை வரக்கூடும். வளைவுகளில் குரங்குக்குப் பிஸ்கோத்து வீசும் புண்ணியவான்கள், அடுத்து வரும் வண்டியின் சக்கரத்தையும் நினைக்கவேண்டும். கட்டுச்சாத மூட்டையைப் பண்ணாரியிலேயே அவிழ்த்துத் தீர்த்துவிட்டு மலையேறுவது உத்தமம்.