‘நன்றி’ சொன்னால் அழித்துவிடுவார்கள்!

முதலில் கண்ணில் பட்டது அந்த வெளிர் சிவப்புதான். புரோகிராமர்கள் கேள்வி கேட்டு விடை வாங்குகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் சாதாரணப் பக்கம் ஒன்று. மேலே கேள்வி, கீழே நாலு விடை. நாமெல்லாம் கூகுளிலிருந்து நேராக வந்து குதித்து, பச்சை டிக் விழுந்த விடையிலிருந்து இரண்டு வரியைக் காப்பி பண்ணிக்கொண்டு ஓடிவிடுகிற பக்கம். அதையே நண்பர் தன் லாகினில் திறந்தார். நாலாவது விடையோடு முடிய வேண்டிய பக்கம் முடியவே இல்லை! கீழே திட்டுத் திட்டாகச் சிவப்புப் பின்னணியில், அழிக்கப்பட்ட விடைகள் வரிசை கட்டி நின்றன. ‘எனக்கும் இதே சிக்கல்தான்.’ ‘யாருக்காவது தீர்ந்ததா? அவசரம்!’ ‘தெய்வமே, நீங்க நல்லா இருக்கணும்.’

“பத்தாயிரம் புள்ளி வந்தாத்தான் இந்த ஆவியெல்லாம் கண்ணுக்குத் தெரியும் அண்ணே” என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

நண்பர் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் இருக்கிறார். பகலில் சம்பளத்துக்குக் கோடு எழுதுவார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பைசா சம்பளமில்லாமல் இந்தத் தளத்தைக் கூட்டிப் பெருக்குவார். எத்தனையோ நாளாக நச்சரித்து இன்றைக்குத்தான் உள்ளே கூட்டிப்போகச் சம்மதித்திருக்கிறார். வாங்க, நீங்களும் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். மேசையில் கை வைக்கும்போது மட்டும் கவனம். இரண்டு டீ டம்ளர், சார்ஜர் ஒயர், பாதி தின்ற முறுக்குப் பாக்கெட் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

இந்தத் தளத்தை 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கினார்கள். அரட்டை வேண்டாம், கேள்வி இருக்கட்டும், விடை இருக்கட்டும், மற்றதெல்லாம் வெளியே என்பதுதான் ஏற்பாடு. கேட்டவருக்கு உதவுவதோடு வேலை முடிவதில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே சிக்கலோடு நள்ளிரவில் தேடி வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காகவும் அந்தப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். அதனால்தான் ‘நன்றி’க்கே இங்கே துடைப்பம். கேள்வியின் தொடக்கத்தில் ‘ஹாய்’, ‘ஹலோ’ போட்டால் தளமே சத்தமில்லாமல் அதைக் கத்தரித்துவிடும். தலைப்பில் ‘ப்ராப்ளம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளாது. இங்கே வருகிற எல்லாருக்குமே ப்ராப்ளம்தானே! வணக்கம் வைக்காமல் ஒரு கடிதம்கூட ஆரம்பிக்கத் தெரியாத எனக்கு இது கொஞ்சம் குளிரத்தான் செய்தது.

“சரி தம்பி, நன்றி சொல்றவன் அதை விடைப் பெட்டியில போய் ஏன் எழுதறான்? கமென்ட் போடலாமே?”

“போட முடியாது அண்ணே. அதுக்கு அம்பது புள்ளி வேணும்.”

ஆஹா! புதிதாகச் சேர்கிறவருக்கு ஒரே ஒரு புள்ளி. அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம், விடை எழுதலாம். ஒரு விடையை ஆதரித்து வாக்களிக்க 15 வேண்டும், அடுத்தவர் பதிவுக்குக் கீழே கமென்ட் போட 50, எதிர்த்து வாக்களிக்க 125. புது விடை எழுத முடியாதபடி கேள்வியை மூட வாக்களிக்க 3,000. விடையை யாராவது ஆதரித்தால் எழுதியவருக்குப் பத்துப் புள்ளி. எதிர்த்தால் இரண்டு குறையும். அடுத்தவர் விடையை எதிர்க்கிறவருக்கும் ஒரு புள்ளி கைவிட்டுப் போகும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. திட்டுவதற்குக் காசு! ஐம்பது எட்டாத புது ஆட்கள் வேறு வழி தெரியாமல் விடைப் பெட்டியில் உருகித் தள்ளியதுதான் அந்தச் சிவப்புக் குவியல் முழுக்க.

இப்போது ‘ரிவ்யூ’ வரிசை. நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். புது ஆட்களின் முதல் பதிவுகள், மூடலாமா என்று காத்திருப்பவை, திறக்கலாமா என்று காத்திருப்பவை, திருத்தக் கேட்டு வந்தவை என்று தனித்தனி வரிசைகள். அவர் மவுஸ் டக் டக்கென்று போகிறது. இது சரி, இது சரி, இது தேறாது... திடீரென்று கை நின்றது. திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பொறி அண்ணே, பொறி!” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்க்கிறவர்கள் தூங்கி வழிகிறார்களா என்று சோதிக்க, முன்பே தீர்ப்பான பதிவு ஒன்றைத் தளமே நடுவில் செருகி வைக்குமாம். பார்க்காமல் பட்டனைத் தட்டினால், ‘நில், கவனி, இது சோதனை’ என்கிற மாதிரி பெரிய அறிவிப்பு வந்து விழும். அடிக்கடி மாட்டினால் சில நாளைக்கு ரிவ்யூ பக்கமே வரக்கூடாது. சம்பளமில்லாத வேலை, அதில் சஸ்பென்ஷன் வேறு! நண்பர் இந்த முறை தப்பித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டார்.

அடுத்தது ஒரு கல்லூரிப் பையனின் கேள்வி. ‘என் கோடு வேலை செய்யவில்லை, ஏன்?’ கூடவே மங்கலான ஒரு போட்டோ. மானிட்டரைச் செல்போனில் எடுத்தது, ஓரத்தில் கட்டைவிரல் வேறு தெரிகிறது. நண்பர் கமென்ட் பெட்டியைத் திறந்து ஏதோ அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். “கோடை எழுத்தாப் போடுப்பான்னு ஒரு வரி சொல்லணும். எப்படிச் சொன்னாலும் திட்டற மாதிரியே வருது.” அந்த ஒற்றை வரிக்கு அவர் செலவழித்த நேரத்தில் எனக்கு டீயே ஆறிவிட்டது. பிறகுதான் மூடுவதற்கு வாக்களித்தார். முன்பெல்லாம் ஐந்து பேர் சேர்ந்தால்தான் கேள்வி மூடும். 2019-ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஒரு துறையில் தங்கப் பதக்கம் வாங்கியவர் மட்டும், ‘இது ஏற்கெனவே கேட்டாச்சு’ என்று தனி ஆளாக ஒரே அடியில் மூடலாம். அந்த உரிமைக்கு உள்ளே இருப்பவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், தோர் கையிலுள்ள சுத்தியலின் பெயர்!

இதற்கெல்லாம் மேலே, பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி போட்ட மாடரேட்டர்கள். அவர்களைத் தேர்தல் வைத்து உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்கள் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டும். ஜெயித்தாலும் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் கூடுதல்.

எனக்குப் பிடித்த அறை இனிமேல்தான். ‘சார்கோல்’ என்று ஒரு தொண்டர் குழு. அவர்களிடம் ‘ஸ்மோக் டிடெக்டர்’ என்று ஒரு பாட். தளத்தில் எங்கே ஸ்பேம் விழுந்தாலும் அது முகர்ந்துபார்த்து அரட்டை அறையில் கூவும். மனிதர்கள் பார்த்து, ஸ்பேம்தான் என்றால் புகார்க் கொடி போடுவார்கள். பாட் தப்பாகக் கூவியிருந்தால் ‘இல்லை’ என்று அதற்கே சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது தெரியுமா? உடல் மெலிய மாத்திரை, போலி கஸ்டமர் கேர் நம்பர், அப்புறம் நம்ம ஊர் வசிய பாபாக்கள்! பிரிந்த காதலியைத் திரும்ப அழைத்துவர, ஜாவா கேள்விக்குக் கீழே போன் நம்பரோடு ஆஜராகியிருக்கிறார்கள். ‘வசீகரண்’ என்ற சொல்லை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்திருக்கும் தொண்டர்கள் மனப்பாடமாக அறிந்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் ஏற்றுமதி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்!

விதியையே கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எச்.டி.எம்.எல்.-ஐ ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்துப் பிரிக்கலாமா என்று 2009-ல் ஒருவர் கேட்டார். அதற்கு வந்த விடை நிதானமாக ஆரம்பித்து, போகப்போகப் புத்தி பேதலித்து, கடைசியில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் வாலும் முளைத்துப் பக்கமெங்கும் வழிகிறது. அதைச் ‘சரிசெய்ய’ ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் மாடரேட்டர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கூடவே ஒரு குறிப்பு: இது எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித்தான் தெரிகிறது, தயவுசெய்து எங்களிடம் புகார் செய்யாதீர்கள்! விதிப்படி அழித்திருக்க வேண்டிய விடை அது. யாருக்கும் மனசு வரவில்லை.

கும்மாளமும் உண்டு. பல வருஷங்களாக டிசம்பர் வந்தால் உறுப்பினர்களின் படத்துக்குத் தொப்பி மாட்டுகிற விளையாட்டு நடந்தது. சில தொப்பி எதற்குக் கிடைக்கிறது என்பதே ரகசியம்; பெரிய பெரிய நிபுணர்கள் அதைக் கண்டுபிடிக்க ராத்திரி கண்விழிப்பார்கள். 2021 ஏப்ரல் 1 அன்று, ‘உங்கள் இலவசக் காப்பி ஒதுக்கீடு தீர்ந்தது, தொடர மூன்று பட்டன் கீபோர்டு வாங்குங்கள்’ என்று தளம் எல்லாரையும் மிரட்டியது. அந்த வேடிக்கைக் கீபோர்டைப் பிறகு நிஜமாகவே செய்து விற்றார்கள்!

விதிகள் பிறக்கிற இடம் ‘மெட்டா’. தளத்தைப் பற்றியே பேசுகிற தளம், சுத்தமான ஊர்ப் பஞ்சாயத்து. ஒரு காற்புள்ளிக்காக நாலு பக்கம் வாதம் நடக்கும். எதைச் சுட்டிக்காட்டினாலும் ஸ்க்ரீன்ஷாட்டில் கையாலேயே கோணல்மாணலாகச் சிவப்பு வட்டம் போடுவது அங்கே மரபு. ஒழுங்கான வட்டம் போட்டால் கிண்டல் செய்வார்கள்.

புதியவர்களிடம் நாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று 2018-ல் நிறுவனமே தன் வலைப்பதிவில் ஒப்புக்கொண்டது. அந்த வருஷமே நடத்தை விதிகளைத் திருத்தி எழுதினார்கள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அந்தக் கடுமை மட்டும்தான் தெரிகிறது. தெரியாத பையனுக்கு ஒரு வரி எழுதத் தவிக்கிற ஆள் தெரிவதில்லை.

சாட்ஜிபிடி வந்த பிறகுதான் நிஜமான வியர்வை. படிக்க நன்றாக இருந்து உள்ளே தப்பாக இருக்கிற விடைகள் குவிந்தன; 2022 டிசம்பரில் அதற்குத் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டு, எந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தின்பேரில் ஆட்களை நிறுத்திவைப்பதை மாடரேட்டர்கள் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும் என்று நிறுவனம் சொல்ல, 2023 ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம்! ஸ்மோக் டிடெக்டரையும் நிறுத்திவிட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்து முடிய ஆகஸ்ட் ஆனது. “சம்பளம் வாங்காதவன் ஸ்ட்ரைக் பண்ணினா யாருக்கு நஷ்டம்னு அப்பதான் அண்ணே தெரிஞ்சது” என்று சொல்லிவிட்டு நண்பர் அடுத்த கேள்வியைத் திறந்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

நீங்கள் கேட்ட கேள்வி ஒருநாள் மூடப்பட்டால், கோபத்தில் புதுக் கணக்கு தொடங்கி அதையே மறுபடி போடாதீர்கள். பழைய கேள்வியையே திறந்து, எழுதிப் பார்த்த கோடு, வந்த எரர், எதிர்பார்த்த விடை மூன்றையும் எழுத்தாகச் சேருங்கள், போட்டோ வேண்டாம். திறப்பதற்கும் தனி வரிசை இருக்கிறது, அதையும் ராத்திரி ராத்திரியாக யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கேயும் மூன்று ஓட்டு விழுந்தால் போதும்.