எடை குறைந்தால் கரு தங்குமா?

“பத்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு ஐ.வி.எஃப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு வயது 36. காத்திருக்கலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எடை எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

உடலில் கொழுப்பு கூடும்போது தசைகள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. வியப்பு என்னவென்றால், சினைப்பைக்கு அந்த மந்தம் வருவதில்லை. தாத்தாவுக்குக் காது கேட்காதென்று வீடே உரக்கப் பேசுகிறது. பக்கத்து அறைக் கைக்குழந்தை அலறி எழுகிறது. தாத்தா தசை, குழந்தை சினைப்பை. அந்தக் கூச்சலில் அது ஆண் ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. அவற்றைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் தருகிறது. இன்சுலின் ஏறினால் அதுவும் குறையும். தட்டிக்கொடுக்கும் பாட்டியும் எழுந்து போய்விட்ட மாதிரி. கருமுட்டை முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது. பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கு நடப்பது இதுதான். நடைப்பயிற்சி தாத்தாவுக்கு மாட்டிய காதுக் கருவி: உழைக்கும் தசைக்குக் குறைந்த இன்சுலினே போதும். வீடு அமைதியாகிறது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளியாகத் தொடங்குகிறது.

  

ஐ.வி.எஃப்-இல் கருமுட்டையை ஊசிமருந்தே வளர்க்கிறது. உடல் தடுமாறும் அந்தக் கட்டத்தைச் சிகிச்சை தாண்டிவிடுகிறது. நெதர்லாந்தில் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 29-உம் அதற்கு மேலும் உள்ள 577 பெண்களில் ஒரு பாதியினர் 6 மாதம் எடை குறைப்புக்குப் பிறகும், மறுபாதியினர் உடனேயும் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். 2016-இல் முடிவு வந்தது. எடை குறைப்புக் குழுவில் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் 24 மாதங்களுக்குள் நிறைமாதச் சுகப்பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் அதில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்றவர்களில் 35.2.

எடை பொருட்டே அல்ல என்று இதற்கு அர்த்தமில்லை. உடல் பருமனில் கருச்சிதைவும் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுகின்றன. கணவரின் பருமனும் விந்தணுவைப் பாதிக்கும். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ‘எடை குறைந்தால் கரு தங்கும்’ என்று தொகுப்பு விற்பவர்களை நம்பாதீர்கள்.

மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: “எனக்குக் கருமுட்டை மாதாமாதம் வெளியாகிறதா?” இல்லை என்றால், வயதும் இடம் கொடுத்தால், சில மாதங்களை எடைக்குக் கொடுப்பது பலன் தரலாம். வெளியாகிறது, தடை கருக்குழாயில் என்றால், எடைக்காக 36 வயதில் சிகிச்சையைத் தள்ளிப்போட வலுவான காரணம் வேண்டும். குறைத்த எடை திரும்ப வரலாம். போன வயது வராது.